பரஸ்தானம் வைத்த பெட்டி

காட்டுப்பாக்கம்,
26-5-1988, வியாழன் மாலை.

மதிப்பிற்குரிய சம்பந்தி பக்தவத்சலம் அவர்களுக்கு, உலகநாதன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் சொர்ணமும் உடம்பளவில் சௌக்கியம். ஆம்பூரில் தாங்களும், வீட்டில் எல்லோரும், ஏழு மாதக்காரியான எங்கள் மகள் வனஜாவும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். உடம்பளவில் என்று எழுதிய காரணம் கீழே வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்குத் தாங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. "பத்தரை மணிக்குள் தாய்வீட்டு வளையல் வந்து சேராவிட்டால், பஜாரில் வாங்கி நாங்களே போட்டுவிடுவோம்" என்ற வரியைச் சொர்ணம் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். தோல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவர் அப்படி எழுதுவது நியாயம்தான். நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தோம். ஆற்காட்டில் வேனை நிறுத்தி, உறவினர் பதினெட்டுப் பேருக்கும் டில்லி வாசலைக் காட்டி விளக்கியது என் தவறுதான். ஆனால் தாங்களே யோசியுங்கள். எங்கள் வீட்டு முனையில் கிடக்கும் பூந்தமல்லி ரோடு சாதாரண ரோடு அல்ல. வெள்ளைக்காரக் கும்பினிப் படை பீரங்கியை இழுத்துக்கொண்டு நடந்த பாதை. முப்பத்திரண்டு வருஷம் இதைக் கரும்பலகையில் கோடாகப் போட்டுப் பாடம் நடத்தியவன், அதிலேயே போகும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார முடியுமா?

இம்முறை நிற்கப் போவதில்லை என்று சொர்ணத்திடம் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு வீராசாமி தன் அம்பாசிடரைத் தருவதாகச் சொன்னார். நான் நாலு பக்கத்தில் பயணத் திட்டம் எழுதினேன். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, ஆற்காடு, வேலூர் என்று ஊருக்கு ஒரு பத்தி, கடைசியில் தங்கள் முழு விலாசம். சொர்ணம் அதை வாங்கி, அடியில் கொட்டை எழுத்தில் "எங்கேயும் நிற்காமல் போகவும்" என்று எழுதினாள்.

அதற்கப்புறம்தான் அவள் காலண்டரைப் பார்த்தாள். ஞாயிறு மேற்கே சூலம். வெல்லம் வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினால் தோஷமில்லை, ஆனால் எனக்குச் சர்க்கரை வியாதி. சனிக்கிழமையே வந்துவிடலாமே என்றேன். "பொண்ணு குடுத்த ஊட்ல மொத நாளே போய்ப் படுத்துக்கினா நமக்கு இன்னா மரியாதை?" என்றாள். கடைசியில் பரஸ்தானம் என்று முடிவாயிற்று. தங்களுக்குத் தெரியாததல்ல. நல்ல நாளில் பெட்டியை மட்டும் போகிற திசையில் ஒரு வீட்டில் வைத்துவிட்டால், நாம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. வகுப்பில் பையை வைத்துவிட்டு வெளியே நிற்கிற பையனுக்கும் ஆஜர் போடுவதில்லையா, அப்படி.

மேற்கே யார் வீடு என்று பார்த்தால், பூந்தமல்லியில் வீராசாமியின் மைத்துனர் துலுக்கானம் இருக்கிறார். லாரி ஓட்டுகிறவர். வீராசாமியின் மனைவி கண்ணம்மா ஒரு சந்தேகம் கிளப்பினார். "மன்சாளுக்குச் சரி. வண்டியும்தான மேற்கால போவுது, அதுக்கு வாணாமா?" ஆகவே இன்று காலை பதினொரு மணிக்குள், வளையல் டஜன்களும் சொர்ணத்தின் தாயார் போட்டிருந்த இரண்டு தங்க வளையலும் பட்டுப் புடவையும் வைத்த பெட்டியைக் காரில் ஏற்றி, காரையே துலுக்கானம் வீட்டில் பரஸ்தானமாக விட்டோம். திட்டக் காகிதம் கசங்கக் கூடாதென்று துலுக்கானத்தின் கையில் கொடுத்தேன். வீராசாமி சாவியைக் கொடுத்து, "மாமே, பெட்டி கெளம்பிட்ச்சி. இனிமே மேற்காலதான் போவணும், கெயக்கால திரும்பவே கூடாது, தெர்தா?" என்றார். "இத்த நான் பாத்துக்கறேன், நீ போ" என்றார் துலுக்கானம். நாங்கள் பஸ் ஏறி வீடு வந்தோம்.

சாயங்காலம் டயருக்குக் காற்று பார்க்கப் போன வீராசாமி வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். காரைக் காணோம், பெட்டியைக் காணோம், துலுக்கானத்தையும் காணோம். அவர் மனைவி குப்பம்மாவிடம் கேட்டதற்கு, "லோடு வந்துகீது, எறக்கிட்டு வர்றேன்னு போச்சு. நான் இன்னாத்த கண்டேன்" என்றாராம். சொர்ணம் சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்து, "எம் பொண்ணு கைக்கு பஜார் வளையலா" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். வனஜா எல்லோர் முன்னாலும் மணையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆகையால் தங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், நேரத்தைப் பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குத் தள்ளுங்கள். அதற்குள் எப்படியாவது வளையலைத் தேடி எடுத்துவருகிறோம். எங்கும் நிற்க மாட்டேன்.

சம்பந்தியம்மாளுக்கு வணக்கமும், மாப்பிள்ளைக்கும் வனஜாவுக்கும் எங்கள் ஆசிகளும். எல்லாம் நல்லபடி நடக்க அந்தப் பூந்தமல்லிப் பெருமாள் அருள்புரியட்டும்.

தங்கள் அன்புள்ள,
உலகநாதன்.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து, வெள்ளிக்கிழமை காலையில் இதை எழுதுகிறேன். இப்போதுதான் தங்கள் தந்தி வந்தது: "கார் வந்தது. பெட்டி வந்தது. டிரைவர் கையெழுத்து கேட்கிறார். நீங்கள் எங்கே." விலாசமும் வழியும் எழுதின காகிதத்தோடு பெட்டியைக் கொடுத்தால் லாரிக்காரர் வேறென்ன செய்வார்? எங்கேயும் நிற்காமல்தான் வந்திருப்பார். தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம், பத்தரை பத்தரையாகவே இருக்கட்டும். வளையல் மூன்று நாள் முன்னதாக வந்ததைத் தங்கள் நோட்டில் குறித்துக்கொண்டால் சொர்ணம் சந்தோஷப்படுவாள். நாங்கள் ரயிலில் வருகிறோம், அது என் பேச்சைக் கேட்டு நிற்காது. துலுக்கானத்தை பஸ் ஏற்றிவிடுங்கள். காரை மட்டும் அனுப்ப வேண்டாம், பரஸ்தானம் வைத்தது காரியம் முடியும்வரை கிழக்கே திரும்பக் கூடாதாம். ஞாயிறு மதியம் வனஜாவைப் பிரசவத்துக்கு அதில் அழைத்து வருகிறோம், வீராசாமி ஓட்டுவார். ஏழு மாதக்காரியை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஓட்டக் கூடாது, அங்கங்கே நிறுத்தி இறக்கி நடக்கவிட வேண்டும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். எங்கெங்கே என்று குறித்துக்கொண்டிருக்கிறேன்.