டர்போவுக்கு இன்னும் ஒரு கால் சுற்று

இறுக்கு ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அவர் மூடிய குழாயை அவர்தான் திறக்க வேண்டும். ஜாடி மூடி, தண்ணீர் பாட்டில், ஜன்னல் கொக்கி எதுவானாலும் அதே கதைதான். அவர் வெளியூர் போன நாட்களில் அந்தக் குடும்பம் சர்க்கரை இல்லாத தேநீர் குடித்துப் பழகியிருக்கிறது. ஒரு வேலை முடிந்துவிட்டது என்று அவர் கை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "எதுக்கும் இருக்கட்டும், இன்னும் ஒரு கால் சுத்து" என்பார்.

இந்த இனத்தில் அசல் சரக்கு ஒருவர் இருக்கிறார். தொழில், மருந்துக்கடை. கடையில் அவரைப் போல அளவு பார்ப்பவர் கிடையாது. "அரை மாத்திரைன்னா அரை மாத்திரைதான். ஜுரம் குறையலைன்னு நீங்களா ஒண்ணு சேத்துப் போட்டுட்டு அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று வாடிக்கையாளர்களை விரட்டுவார். அதே மனிதர் கடையைப் பூட்டி, பூட்டை நான்கு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, தங்கையின் கார் முன்னால் ஸ்பேனரோடு வந்து நின்றால் அளவாவது ஒன்றாவது! "என் கைக்குத் தெரியும்" என்று முடித்துவிடுவார்.

தங்கை பந்தயத் தடத்தில் கார் ஓட்டுகிறவள். போட்டியில் இறங்க உரிமம் வேண்டும்; அதற்கு இருபது சுற்றை நிற்காமல் ஓட்டிக் காட்ட வேண்டும். வருஷத்துக்கு மூன்று வாய்ப்பு. முதல் வாய்ப்பில் ஒன்பதாவது சுற்றிலேயே டர்போ ஆட்டம் கண்டுவிட்டது. எஞ்சின் புகையின் வேகத்தில் சுழலும் சாமான் அது. தடத்தில் விரட்டினால் பழுக்கக் காய்ந்து, நின்றதும் குளிர்ந்து, அப்படி விரிந்து சுருங்கியே தன்னைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்திவிடும். அன்றைக்கே அண்ணன் அந்த நான்கு நட்டுகளுக்கும் காவலராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டார். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும், சூடு ஆறும் முன்பே, ஒரு கால் சுற்று. இரண்டாவது வாய்ப்பில், பதின்மூன்றாவது சுற்றில், ஒரு போல்ட் முறிந்தே போயிற்று.

மெக்கானிக் அதிகம் பேசாதவர். அன்று பேசினார். "சார், நீங்க சூட்டோட இறுக்கி இறுக்கி போல்ட்டு இழுபட்டுப் போச்சு. இழுபட்டது எப்படிப் பிடிக்கும்? பிடிக்கலைன்னு நீங்க மறுபடி இறுக்குறீங்க."

அண்ணன் காதில் என்ன விழுந்தது தெரியுமா? போல்ட் மட்டமான சரக்கு என்று விழுந்தது.

கடைசி வாய்ப்புக்கு மெக்கானிக் சூடு தாங்கும் புது போல்ட்டுகள் போட்டார். தானே பிடித்துக்கொள்ளும் நட்டுகள் போட்டார். சொன்ன அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, எஞ்சினைச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஒரு தடவை சரிபார்த்து, ஒவ்வொரு நட்டின் மேலும் அதன் அடித்தகட்டின் மேலும் சேர்ந்தாற்போல ஒரு மஞ்சள் கோடு இழுத்தார். "நட்டு நகர்ந்தா கோடு விலகும். கோடு நேரா இருக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. யாரும்னா நீங்கதான் சார்."

"அண்ணா, சத்தியம் பண்ணு" என்றாள் தங்கை.

"தொட மாட்டேன்மா. பாக்கிறதோட சரி."

தேர்வு நாள். காரைச் சூடாக்க இரண்டு சுற்று ஓட்டிவிட்டு அவள் கையெழுத்துப் போடப் போனாள். மெக்கானிக் டயர் காற்று பார்க்கும் கருவியை எடுக்கப் போனார். திறந்த பானெட்டின் முன் அண்ணன் தனியாக நின்றார். நான்கு கோடுகளும் நேராக இருந்தன. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகியிருப்பார்கள். இவரோ ஸ்பேனரைக் கையில் எடுத்தார். பாவம் பிள்ளை, பதினொரு மாதமாக விடியுமுன் எழுந்து ஓட்டிப் பழகியவள். இந்த நட்டு அவளை மறுபடி கைவிட்டால்? கோட்டுக்கு என்ன தெரியும்? அன்பு பொங்கியது. கையும் பொங்கியது. நான்கு நட்டுக்கும் தலைக்கு ஒரு கால் சுற்று.

கோடுகள் விலகின. விலகாமல் என்ன செய்யும்? சட்டைப்பையிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துத் துடைத்தார். அப்புறம் அதே மஞ்சளில், சூடு தாங்கும் பெயிண்ட் பேனாவால், நான்கு கோடுகளைப் புதிதாக இழுத்தார். அந்தப் பேனாவை அவர் ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்திருந்தார் என்பதை மட்டும் நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் திரும்பி வந்தார். கோடுகளைப் பார்த்தார், தலையாட்டினார், பானெட்டை மூடினார்.

பதினேழாவது சுற்றில் கார் பாம்பு போலச் சீறிக்கொண்டு வந்தது. கறுப்புக் கொடி காட்டி நிறுத்தினார்கள். முறிந்த போல்ட்டின் முனையில் நட்டு அப்படியே இருந்தது, அதன் மேல் கோடும் இருந்தது. மெக்கானிக் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது நான் போட்ட கோடு இல்ல" என்றார்.

அண்ணன் முகம் வெளிறிப்போயிற்று. அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் வாய் சொன்னது: "நான் அப்பவே நினைச்சேன். இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கணும்."

தங்கை ஹெல்மெட்டைக் கழற்றினாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அடுத்த வருஷம் மறுபடி வருவேண்ணா" என்றாள். "தேதியை மட்டும் உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் ஸ்பேனரைத் தொட்டதே இல்லை, சரி. ஆனால் சமீபத்தில் உங்கள் வீட்டில் யாராவது நேர்முகத் தேர்வு முடிந்து, வேலையும் கிடைத்த பிறகு உங்களிடம் வந்து சொன்னார்களா? ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பிறகு தம்பி போன் செய்தானா? "உங்களை எதுக்குச் சிரமப்படுத்தணும்னுதான்" என்று அவர்கள் சொன்னதை நீங்கள் அப்படியே நம்பியிருக்கிறீர்கள்.