மூளை பார்த்த தண்ணீர்த் தாங்கி

கல்முனையில் மூடிக்கிடந்த அரிசி ஆலை ஒன்றின் முன்னால் மாரி முடிந்த கையோடு சனம் திரளத் தொடங்கியது. ஆலை ஓடிய காலத்தில்கூட அங்கே இவ்வளவு சனம் நின்றதில்லை. உள்ளே புரொபெசர் மீராசா மனித மூளையைப் படம் பிடிக்கிறார் என்று கதை. எந்தப் பல்கலைக்கழகத்துப் புரொபெசர் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டும் தொப்பியும் சேர்த்தே அணிந்திருந்தார். கோட்டைக் கண்டவர்கள் டொக்டர் என்றார்கள், தொப்பியைக் கண்டவர்கள் மார்க்கம் படித்த ஹஸரத் என்றார்கள். இரண்டையும் அவர் மறுக்கவில்லை. அவ்வளவு பணிவு.

மெஷின் என்பது வெள்ளை அடித்த ஒரு பெரிய உருளை. நோயாளியைக் கட்டிலில் கிடத்தி, வெள்ளைத் துணியால் போர்த்தி, தலையை அதற்குள் தள்ளித் திரையை இழுத்துவிடுவார்கள். கதிர் வீசுமாம், பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாதாம். திரைக்கு வெளியே பெரிய டீவியில் மூளை பல வர்ணத்தில் சுழலும். சிவப்புப் புள்ளி வந்தால் ஜின். பாண்டிருப்பு, காரைதீவுப் பக்கத்துத் தமிழ் ஆட்கள் படுத்தால் அதே சிவப்புப் புள்ளி காடேறிப் பேயாகிவிடும். இன ஐக்கியத்துக்கு இப்படிப் பாடுபட்ட மெஷினை இந்தக் கரையோரம் அதுவரை கண்டதில்லை. கறுப்புப் புள்ளி வந்தால், ஆஸ்பத்திரிக் குளிசை மூளையைக் கருக்கிய இடம். எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான், ‘ஒளி எண்ணெய்’. மணத்தை வைத்துப் பார்த்தால் நல்லெண்ணெய், விலையை வைத்துப் பார்த்தால் அத்தர்.

அந்தக் கூட்டத்தில்தான் றாஹிலாவும் தன் கணவன் அஸ்கியோடு நின்றாள். அஸ்கி கடைத்தெருவில் தையல்காரன். சில வருடங்களுக்கு முன் அவனுக்கு ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கத் தொடங்கியது. யாரோ தன்னைக் கொல்லத் திட்டம் போடுவதாகக் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தான். கிளினிக்கில் கொடுத்த குளிசை குரலை அடக்கியது. ஆனால் கை நடுங்கியது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பகலிலும் தூக்கம். அந்த நடுக்கத்தைக் காட்டி, குளிசைதான் ஆளைக் கெடுக்கிறது என்று சனம் சொன்னதைக் கேட்டுத்தான் றாஹிலா இங்கே வந்தாள்.

வரிசையில் நின்றவர்களுக்கு ஸைனுலாப்தீன் என்ற உதவியாளர் இஞ்சித் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு வந்தார். கனிவான மனிதர்.

“என்ன தங்கச்சி, மாப்பிள்ளைக்கு எப்பேலிருந்து சுகமில்ல? குளிசை ஏதும் போடுறாரா?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள், அவர் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் டீவியில் அஸ்கியின் மூளை சுழன்றது. நடுவில் கறுப்பு.

“இவர் குளிசை போடுற ஆள்” என்றார் மீராசா, யாரும் சொல்லாததைக் கண்டுபிடித்தவர்போல. “பாருங்க, மூளை கருகிக் கிடக்கு. இனி ஒரு குளிசை போட்டாலும் ஆள் மிஞ்சாது.”

கூட்டம் ஸுப்ஹானல்லாஹ் சொன்னது. றாஹிலா வீட்டுக்கு வந்து குளிசையை எல்லாம் குப்பையில் கொட்டினாள். அஸ்கி எண்ணெய் குடித்தான்.

முதல் கிழமை கை நடுக்கம் குறைந்தது. றாஹிலா அயலெல்லாம் சொல்லித் திரிந்தாள், அவள் சொல்லைக் கேட்டு இன்னும் நாலு குடும்பம் ஆலைக்குப் போனது. பிறகு அஸ்கி தூங்குவதை நிறுத்தினான். சோற்றில் நஞ்சு கலந்திருக்கிறது என்று கோப்பையைத் தள்ளினான். ஒருநாள் மதியம், லுஹர் தொழுகை நேரம், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கடலுக்குள் இறங்கி நடந்தான். கரைவலை இழுத்தவர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் அவனைப் பிடித்தார்கள்.

றாஹிலா அவனைத் திரும்பக் கிளினிக்குக்குக் கொண்டு போனாள். அங்கே இருந்த டொக்டர் சுஜித்தா திருக்கோயில் பக்கத்துப் பிள்ளை. ஏசவில்லை. அஸ்கிக்குத் திரும்பவும் குளிசை தொடங்கினாள்.

“குளிசை மூளையக் கருக்கிப் போட்டுதெண்டு படத்தில காட்டினாங்க டொக்டர்” என்றாள் றாஹிலா.

“மூளைக்குள்ள குளிசை என்ன செய்யுதெண்டு பார்க்கிற மெஷின் உண்மையா இருக்கு அக்கா. ஆராய்ச்சிக்குப் பாவிக்கிறது. கொஞ்சமாக் கதிர் வீசுற மருந்தொண்டை ஊசியில ஏத்திப் படம் எடுப்பாங்க. நம்மட மூளையில டோபமின் எண்டு ஒண்டு வந்து ஒட்டுற இடங்கள் இருக்கு. குளிசை போய் அந்த இடத்தில இருந்திட்டா, அந்த ஊசி மருந்துக்கு ஒட்ட இடமில்ல. படத்தில ஒளி குறையும். அது கருகினதில்ல, குளிசை வேலை செய்யுது எண்டு அர்த்தம்.”

“அப்ப கை நடுங்கிறது?”

“அதையும் அந்தப் படங்களிலதான் கண்டவங்க. கூடின இடத்தைக் குளிசை பிடிச்சா நடுக்கம் வரும். அளவாப் போட்டாலே பலருக்குக் காணும், கூட்டத் தேவையில்ல. நடுங்குதெண்டு நீங்க என்னட்டச் சொல்லியிருந்தா அப்பவே குறைச்சிருப்பன்.”

றாஹிலா தலையைக் குனிந்தாள். பிறகு கேட்டாள். “படம் பொய் சொல்லுமா டொக்டர்?”

“பார்க்கிறவன் சொல்லுவான். அதுக்குத்தான் ஆர் குளிசை போட்டது, ஆர் மருந்தில்லாத வெறும் மாக்குளிசை போட்டது எண்டு படம் பார்க்கிறவருக்குச் சொல்லாம வைப்பாங்க. வேறொரு வகை மூளை மெஷினுக்குள்ள ஆராய்ச்சிக்காரர் ஒருக்கா செத்த மீனொண்டை வச்சுப் பார்த்தாங்க. கணக்கை ஒழுங்காப் பார்க்காட்டி செத்த மீனும் யோசிக்கிற மாதிரிப் படம் வருமெண்டு காட்டத்தான்.”

றாஹிலாவுக்கு மூத்தவன், அவளுடைய நானா இன்பாஸ், பாலமுனையில் மீன் வியாபாரி.

அஸ்கி தெளிய இரண்டு மாதம் பிடித்தது. தெளிந்ததும், றாஹிலாவும் இன்பாஸும் ஆலைக்குப் போகத் திட்டம் போடுவதைக் கேட்டு அவனே சொன்னான், “நானும் வாறன்.” மூவரும் ஆலைக்குப் போனார்கள். இன்பாஸின் கையில் மீன்காரர் ஐஸ் போட்டு வைக்கிற ரெஜிபோம் பெட்டி. ஹஸரத்துக்கு அன்பளிப்புக் கொண்டு வருகிறவர்களை அங்கே யாரும் சோதிப்பதில்லை.

ஸைனுலாப்தீன் தேத்தண்ணியோடு வந்தார்.

“குளிசையெல்லாம் நிப்பாட்டியாச்சு காக்கா” என்றாள் றாஹிலா. “எண்ணெய்தான் குடிக்கிறார். நல்ல சுகம்.”

ஸைனுலாப்தீன் மனம் குளிர்ந்து உள்ளே போனார். அஸ்கியின் முறை வந்தது. கட்டிலில் ஆளைக் கிடத்திவிட்டு, கதிருக்குப் பயந்தவர்போல ஸைனுலாப்தீன் வெளியே ஓடியதும், றாஹிலாவும் இன்பாஸும் பின்கதவால் உள்ளே நுழைந்தார்கள், அஸ்கி எழும்பினான். இன்பாஸ் பெட்டியைத் திறந்து, நல்ல பெரிய பாரை மீன் ஒன்றைத் தலையணையில் வைத்தான். றாஹிலா துணியை இழுத்துப் போர்த்தினாள், காலடியில் பெட்டியை வைத்து ஆள்போல மேடாக்கினாள். கட்டிலைத் திரும்பவும் உருளைக்குள் தள்ளியபோது உள்பக்கத்தில் அச்சிட்ட எழுத்துத் தெரிந்தது. எத்தனை லீட்டர் தண்ணீர் கொள்ளும் என்று எழுதியிருந்தது. அவளுடைய வீட்டுக் கூரையில் இருப்பதும் அதே தாங்கிதான்.

மூவரும் பின்கதவால் வெளியேறினார்கள், அஸ்கி கூட்டத்தின் கடைசியில் போய் நின்றான்.

டீவியில் மூளை சுழன்றது. பச்சையும் மஞ்சளுமாகப் பளபளத்தது. கறுப்பே இல்லை.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் மீராசா. “இந்தச் சகோதரர் குளிசையக் கைவிட்டவர். எண்ணெய் எல்லாத்தையும் கழுவிட்டுது. இது பச்சப்புள்ளட மூளை. இந்த மஞ்சளப் பாருங்க, இப்ப மனுசிய நினைச்சு உருகுறார்.”

“என்னையா?” என்றாள் றாஹிலா.

“ஓம் மகள், உங்களத்தான்.”

அவள் திரையை விலக்கிக் கட்டிலை வெளியே இழுத்தாள். துணியை எடுத்தாள். பாரை மீன் வாயைப் பிளந்து கிடந்தது. இறந்து அரைநாள் ஆகியும் அதன் முகத்தில் அங்கே நின்ற பலரைவிடக் கொஞ்சம் யோசனை தெரிந்தது.

“ஹஸரத், நான் இஞ்ச நிக்கிறன்” என்றான் அஸ்கி கடைசி வரிசையிலிருந்து. “நான் குளிசையும் போடுறன்.”

மீராசா தடுமாறவில்லை. இந்தத் தொழிலில் அதுதான் முதல் தகுதி. “ஜின்ட வேலை. ஆளை மாத்திப் போட்டுது.”

கூட்டத்தில் பாதி தலையாட்டியது. முன்வரிசையில் பாண்டிருப்பிலிருந்து வந்த கனகரெத்தினம் தன் முறைக்குக் காத்திருந்தவர், “இருக்கும்” என்றுகூடச் சொன்னார்.

இன்பாஸ் தாங்கிக்குப் பின்னால் தொங்கிய தடித்த வயரைப் பிடித்து இழுத்தான். அது கையோடு வந்தது. மறுமுனை எதிலும் பூட்டப்படவில்லை, ஒரு கல்லில் சுற்றிக் கட்டியிருந்தது. டீவியில் மூளை மாத்திரம் நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தது. றாஹிலா டீவியின் பின்னால் குத்தியிருந்த சின்னப் பென்டிரைவைப் பிடுங்கினாள். மூளை நின்றது.

கனகரெத்தினம் எழும்பிப் போய்த் தாங்கியை விரலால் தட்டிப் பார்த்தார். வெறும் தாங்கி ஓசை.

“இதுக்குள்ளயா என்ட மகள்ற தலையப் போன கிழமை வச்சனான்?” என்று கேட்டார்.

ஸைனுலாப்தீன் தேத்தண்ணித் தட்டத்தை வைத்துவிட்டுப் பின்கதவால் போனார். மீராசாவை வாசலில் மறித்தார்கள், பொலிஸ் வந்தது. வெள்ளைக் கோட்டின் பைக்குள் டீவி ரிமோட் இருந்தது.

சனம் கலையும்போது ஒரு பெண் றாஹிலாவின் கையைப் பிடித்து, “இவர் கள்ளன் எண்டா, அக்கரைப்பற்றுப் பக்கம் ஒருத்தர் ரத்தத்தைப் போனில காட்டினாலே என்ன நோயெண்டு சொல்றாராம், அவர் எப்படி?” என்று இரகசியமாகக் கேட்டாள்.

அஸ்கிதான் பதில் சொன்னான்.

“எனக்கு இல்லாத குரல் கேட்டிச்சு. அது மூளைக்கு வந்த வருத்தம், குளிசை போட்டன், நிண்டுட்டுது. இஞ்ச நிண்ட அவ்வளவு பேரும் இல்லாத ஜின்னக் கண்ணால கண்டீங்க. ஒருத்தருக்கும் ஒரு வருத்தமுமில்ல. உங்களுக்கு என்ன குளிசை தாறதெண்டு டொக்டருக்கே தெரியாது. தலைக்குள்ள இருக்கிறதப் படம் பிடிக்கத்தான் மெஷின் வேணும் தங்கச்சி. அதப் பாவிச்சு யோசிக்கிறதுக்கு வேணாம்.”