பாதிவிலையார் முழுவிலை கொடுத்த படலம்

கடைவீதி கிடுகிடுக்கக் கால்பதித்த கோமானை, விலைச்சீட்டுகளை வெட்டிவீழ்த்திய வெற்றித்திருவாயனை, தக்காளிக்கூடைக்காரரின் தூக்கத்தைத் தொலைத்த தனிப்பெருந்தலைவனை, முப்பது ஆண்டுகள் ஒரு மாணவர் விடுதியின் சமையலறைக்குச் சரக்கு வாங்கியும் அம்முப்பது ஆண்டுகளில் ஒருநாளேனும் ஒரு கீரைக்கட்டைக்கூடச் சொன்ன விலைக்கு வாங்கியறியாத கொள்கைக்குன்றை, பாதிவிலையார் என்று ஏழு சந்தைகளும் பட்டம் சூட்டிப் பயந்த பெருமகனை வணங்கித் தொடங்குகிறோம்! நாவுக்கு அதிதேவதை யாராயினும் எம் பக்கம் வந்து சற்றே அமர்க! ஏனெனில் நாம் சொல்லப்போவது அவர் வென்ற போர்களை அன்று; தம் சொந்த வாயோடு அவர் பொருத வாழ்நாள் பெரும்போரை.

சர்க்கரை நோய் என்னும் சதிகாரன் கண்ணொளியைப் பாதி கொள்ளையடித்துப் போனதால் வேலையிழந்த எம் தலைவர், அரசு தரும் மாத உதவித்தொகையில் வீட்டை ஓட்டிவந்தார். அத்தொகையோடு ஒட்டிப்பிறந்தது ஒரு நீலநிறச் சிகிச்சை அட்டை. அவருடைய இல்லத்தரசிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரம் மும்முறை இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க அந்த அட்டைதான் கதவு திறந்தது. அட்டை இருந்தால் அம்மையார் இருப்பார். அவ்வளவு எளிய கணக்கு அது.

இவ்வாறிருக்கையில், உயிரோடிருந்த நாளெல்லாம் யாருக்கும் ஒரு தேநீர்கூட வாங்கிக்கொடுத்தறியாத சித்தப்பா ஒருவர் கண்மூடினார். மூடியவர் அறுபதாயிரத்தை அண்ணன் மகனான பாதிவிலையாருக்கு எழுதிவைத்திருந்தார். தம்பதியர் மகிழ்ச்சியில் திளைத்தனர். ஏற்கெனவே சேமிப்பில் இரண்டாயிரத்து நானூறு இருந்தது. பொய்யறியாப் பெருமானாகிய எம் தலைவர், மறுநாளே உதவித்தொகை அலுவலகத்துக்குச் சென்று, நான்காம் சன்னலில் வீற்றிருந்த பெண் அதிகாரியிடம், எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தபடி விவரத்தைச் சொன்னார்.

சன்னல் சிரிக்கவில்லை. மாறாக, இடியென ஒரு பிரகடனம் வெளிவந்தது: “ஐயா, ஐம்பதாயிரத்துக்கு மேல ஒத்தக் காசு இருந்தாலும் உங்களுக்கு உதவி கிடையாது, அட்டையும் நின்னுடும். மாசக் கடைசி, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள குறைச்சுக் காட்டணும். வீட்டுக்குத் தேவையானது வாங்கலாம், பில் வேணும். யாருக்காவது தூக்கிக் குடுத்தீங்கன்னா அதையும் உங்க பணமாத்தான் எழுதுவோம். ஒரு தடவை நின்னா, திரும்ப வாங்க எட்டு மாசம் ஆகும்.”

சித்தப்பாவின் செல்வம் முழுவதையும் தனியார் மருத்துவமனையில் கொட்டினாலும் நான்கு மாதம் தாங்காது. எட்டு மாதத்துக்கு எங்கே போவது? வந்த செல்வமே வாசலில் வாளோடு நிற்பதைக் கண்டு எம் தலைவர் வீட்டுக்கு விரைந்தார்.

அன்று சமையலறையில் போர்க்கால ஆலோசனை கூடியது. நுண்மதி நங்கையாகிய இல்லத்தரசி ஒரு பழைய நாட்காட்டித்தாளின் பின்புறம் வியூகம் வகுத்தார்: செத்துக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜுக்குப் பதில் புதியது எண்ணாயிரம், ஒழுகும் கூரையை அடைக்க நாலாயிரத்து ஐந்நூறு, ஆக, கையிருப்பு ஐம்பதாயிரத்துக்கு நூறு குறைவு. “சொன்ன காசைக் குடுத்துட்டு வாங்க. அவ்வளவுதான் உங்க வேலை,” என்றார் அம்மையார்.

அந்தோ! அவ்வளவுதான் அவரால் முடியாத வேலை. ஃப்ரிட்ஜ் கடைக்காரர் விலை சொன்ன கணமே, முப்பதாண்டுப் பழக்கம் அடிவயிற்றிலிருந்து எழுந்து தொண்டையேறி நாவில் வந்து குதித்தது. கதவைத் தட்டிப்பார்த்து உதட்டைப் பிதுக்கி, போகிறேன் என்று மூன்றுமுறை வாசல்வரை சென்று திரும்பி, ஏழாயிரத்துக்கு முடித்துவிட்டு வெற்றிமுரசம் காதில் கொட்ட வீடு திரும்பினார். கூரைக்காரர் ஏணியிலிருந்து இறங்குமுன்னரே மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துக்குச் சரணடைந்தார். இரண்டு பில்களையும் நெஞ்சுநிமிர்த்தி நீட்டிய நாயகரைப் பார்த்து நாயகி தலையில் அடித்துக்கொண்டார். ஐம்பத்தோராயிரத்து ஐந்நூறு மிச்சம் இருந்தது.

மாதக் கடைசி நாளும் வந்தது. மருத்துவமனைக் கட்டிலில், கையில் ஊசி ஏறியிருக்க, அம்மையார் இறுதி ஆணை பிறப்பித்தார்: “எனக்கு முதுகு வலி உயிர் போகுது. மெத்தைக் கடைக்குப் போய் ஒத்த ஆள் மெத்தை ஒண்ணு வாங்குங்க, ஆயிரத்து எண்ணூறு. இன்னிக்கும் பேரம் பேசினீங்க, இந்த ஊசியைப் பிடுங்கிப் போட்டுட்டு நானே கடைக்கு வந்துடுவேன்.” சொல்லும்போது சிரித்தார்தான். ஆனால் கணவரின் விரலைப் பிடித்த பிடி தளரவில்லை. அந்தப் பிடியில் இருந்த பயம் எம் தலைவருக்குப் புரிந்தது.

மணி மூன்றரை. மெத்தைக் கடை என்னும் களத்துள் பாதிவிலையார் புகுந்தார். புகுந்தவரைக் கண்டதும் கடைக்காரர் முகம் வெளிறியது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் விடுதிக்கு நாற்பது மெத்தை விற்று, அன்று பட்ட காயம் இன்னும் ஆறாதவர் அவர்.

“அந்த மெத்தையைக் குடுப்பா. ஆயிரத்து எண்ணூறு, இந்தா,” என்று எம் தலைவர் பணத்தை எடுத்து நீட்டினார்.

கடைக்காரர் பின்வாங்கினார். சீட்டு விலையை அப்படியே நீட்டும் பாதிவிலையாரை இவ்வுலகம் கண்டதில்லை. இது ஏதோ புதுவகைப் பொறி என்று அவருக்கு மூக்கில் வியர்த்தது. “அண்ணே, என்னை ஏதோ சிக்கல்ல மாட்டிவிடப் பாக்கறீங்க. ஆயிரத்து நானூறு குடுங்க, போதும்.”

“ஆயிரத்து எண்ணூறுன்னா ஆயிரத்து எண்ணூறு!”

“ஐயையோ, ஆயிரத்து நூறு! இதுக்குக் கீழ கேட்டீங்கன்னா நான் கடையை மூடிடறேன்!”

மேலேற்ற மேலேற்ற விலை கீழே பாய்ந்தது. வானத்துத் தேவர்கள் இருந்தால் அவர்களும் விரல்விட்டு எண்ணிக் குழம்பியிருப்பார்கள். ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே போனால் அட்டை போச்சு. கடிகாரமோ நான்கைத் தாண்டி நடந்தது. இனி மறைத்துப் பயனில்லை என்று கண்ட எம் தலைவர் உண்மையைச் சொன்னார்: “என் சம்சாரத்தோட ஆஸ்பத்திரி அட்டை நின்னுடும்பா. முழுக் காசை வாங்கிக்க.”

கடைக்காரர் கண்ணில் நீர் நிறைந்தது. இளகிய மனம் படைத்தவர். சொன்னதில் பாதி காதில் விழுந்ததுமே பொங்கிவிட்டார். “அண்ணிக்கு உடம்பு சரியில்லையா? அப்ப காசே வேணாம்ணே! சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க!”

அன்பே அம்பாக வந்து மார்பில் தைத்தது! எம் தலைவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான், எத்தனையோ சந்தைகளில் எத்தனையோ வணிகரை மண்ணைக் கவ்வவைத்த அந்தப் பழைய ஆயுதம், சரக்கைக் குறைசொல்லும் பேராயுதம், அவர் நினைவில் மின்னியது. முப்பதாண்டு விலை இறக்கிய அதே கணையை இன்று விலை ஏற்ற எய்தால் என்ன? வாசலுக்கு வந்து, வீதியே திரும்பிப்பார்க்க முழங்கினார்: “ஆயிரத்து எண்ணூறு வாங்கலேன்னா, இந்தக் கடை மெத்தை அந்த விலை பெறாது, அதான் இவன் சும்மா தள்ளிவிடறான்னு ஏழு சந்தையிலயும் சொல்லுவேன்!”

கடைக்காரரின் கண்ணீர் ஒரே கணத்தில் காய்ந்தது. மீசை துடித்தது. “என் மெத்தையா பெறாது? என் சரக்கையா சொல்றீங்க? ஆயிரத்து எண்ணூறு! ஒரு காசு குறைக்க மாட்டேன்! எடுங்க பணத்தை!”

பில் எழுதப்பட்டது. அந்த நேரத்தில், மங்கிய கண்ணால் அல்ல, தேர்ந்த விரலால், மெத்தையின் ஒரு மூலையில் தையல் இரண்டங்குலம் விட்டுப்போயிருப்பதை எம் தலைவர் தடவிக் கண்டுபிடித்தார். குறைந்தது இருநூறு பெறும் குறை! நாக்கு அரித்தது, தொண்டை குறுகுறுத்தது, சொல் பல்வரை வந்துவிட்டது. மனைவி விரலைப் பிடித்த பிடியை நினைத்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, காசை எண்ணி மேசைமேல் வைத்தார். அந்தக் கணத்தில் அவர் கண்ணிலும் நீர் வந்தது. ஆனந்தத்தால் பாதி, இருநூறுக்காகப் பாதி.

மெத்தையைக் கடையிலேயே விட்டு, பில்லைக் கொடிபோல் உயர்த்திப் பிடித்து, சைக்கிள்களையும் கைவண்டிகளையும் கடந்து, தடுக்கி விழப்பார்த்து, ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் நான்காம் சன்னலை அடைந்தார் எம் தலைவர். பெண் அதிகாரி மூன்று பில்களையும் பார்த்தார், பாஸ்புக்கைப் பார்த்தார், நாற்பத்தொன்பதாயிரத்து எழுநூறு என்று எழுதினார், எழுதி, எட்டுத் திசையும் அதிர முத்திரையைக் குத்தினார். அட்டை பிழைத்தது! அம்மையார் பிழைத்தார்! சொல்லால் விலையை வென்றவன், இன்று சொல்லையே வென்றவன், ஈடில்லாப் பெருங்கொடையாளன், காசைக் காசென்று பாராத கற்பகத்தரு எனப் புகழத்தக்க பாதிவிலையார், ஆரவாரத்தோடு மெத்தைக் கடைக்குத் திரும்பினார்.

வீட்டில் கொண்டுவந்து போட வண்டிக்காரர் நூறு கேட்டதால், மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போனார்.