மைக்செட்டு அண்ணனும் கண்மாய் ராணியும்

பக்கத்து ஊருக்கே கேட்கும்படி மனைவியைக் காதலித்த மனிதர், எனக்குத் தெரிந்து எங்கள் மைக்செட்டு அண்ணன் ஒருவர்தான். அருப்புக்கோட்டையில் அவர் கடைக்கு மேல் மாடி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். திருச்சுழியில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க் வேலை. போகவும் வரவும் பஸ்ஸில் தூங்குவதுதான் என்னிடம் இருந்த ஒரே ஒழுங்கான பழக்கம். அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் பக்கத்தில் 'கண்மாய் ராணி' நாடகம் போடாத பொங்கல் திருவிழா கிடையாது. மழையில்லாத நாட்டில் ராஜா அரண்மனை மேல் அரண்மனையாகக் கட்டுகிறான். ராணி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கண்மாய் வெட்டப் போகிறாள். கௌரவம் போச்சு என்று ராஜா அவளை நாட்டை விட்டே துரத்துகிறான். கடைசிக் காட்சியில் அவன் எல்லாம் இழந்து, நாக்கு வறண்டு, ஒரு கண்மாய்க் கரையில் வந்து விழுவான். எதிரே நிற்பது யாரென்று தெரியாமல் தண்ணீர் கேட்பான். அவள் கையால் அள்ளி ஊற்றி, "குடியுங்கள் மகாராசா, இது உங்கள் கண்மாய்தான்" என்பாள். நூறு தடவை பார்த்த முரட்டு மீசைக்காரனும் அந்த இடத்தில் துண்டைத் தேடுவான்.

அந்த ராணி வேஷத்தை வருஷக்கணக்காகக் கட்டியவர்தான் பின்னால் அண்ணனுக்கு மனைவியாகி எனக்கு மதினி ஆனவர். அண்ணன் அந்த நாடகத்துக்கு மைக் கட்டப் போனவர். ராணி வசனத்துக்குச் சத்தத்தைக் கூட்டுவார். ராஜா வாயைத் திறந்தால் குறைத்துவிடுவார். ராஜபார்ட் தொண்டை கிழியக் கத்தினாலும் முன்வரிசைக்கு முணுமுணுப்புதான் போகும். "பாவம், ராசாவுக்கு மேலுக்குச் சொகமில்ல போல" என்று சனங்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருநாள் விஷயம் புரிந்து ராஜபார்ட் கிரீடத்தோடு மேடையிலிருந்து குதித்து அடிக்க வந்துவிட்டார். மதினி குறுக்கே போய், "அவுகள விடுங்க" என்றாராம்.

"'அவன விடுங்க'ன்னு சொல்லியிருந்தா வேற மாதிரி போயிருக்கும் தம்பி. 'அவுக'ன்னுட்டா. மறுநாளே பொண்ணு கேட்டுப் போயிட்டேன்" என்பார் அண்ணன்.

கல்யாணத்துக்குப் பிறகும் ராணி ராணியாகத்தான் இருந்தார். அப்புறம் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன். ஆள் பிழைத்து வந்தார், குரல் வரவில்லை. பக்கத்தில் காதை வைத்தால் கேட்கிற ஒரு குசுகுசுப்பு மட்டும் மிச்சம். நாடகத்துக்கு வேறு ராணி வந்தாள். நாடகம் நடக்கிற நாட்களில் மதினி ஜன்னலைச் சாத்திவிட்டு வெங்காயம் உரிக்க உட்காருவார். ஒரு கூடை வெங்காயம். வீட்டில் சாப்பிடுவது ரெண்டு பேர்.

அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. "கொரலுதான தம்பி போச்சு? ராணி போகலைல்ல? அவளுக்குத் தோதா நாடகத்த மாத்திருவோம்." அந்த 'மாத்திருவோம்' என்பதில் நானும் சேர்த்தி என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

முதலில் வில்லுப்பாட்டு, பாலவனத்தத்தில். உட்கார்ந்து கதை சொன்னால் போதும், கத்த வேண்டாம் என்பது அண்ணன் கணக்கு. மதினி முன்னால் இருந்த மைக்கை முழுசாகத் திறந்து வைத்தார். அது குசுகுசுப்பை எடுத்தது. கூடவே குடம் தட்டுகிறவரின் மூச்சிரைப்பையும், பந்தக்காலில் கட்டியிருந்த ஆடு அசைபோடுவதையும் எடுத்தது. பின்னால் "ஆமா" போட உட்கார்ந்திருந்த நான், ராணி காட்டில் அழும் கட்டத்தில், பக்கத்தில் இருந்தவரிடம், "சாம்பார்ல உப்பு போட மறந்துட்டாக" என்று மெதுவாகத்தான் சொன்னேன். ஊரில் கட்டியிருந்த அத்தனை குழாய் ஸ்பீக்கரிலும் அது முழங்கியது. சமையல்காரர் கரண்டியோடு மேடைக்கே வந்துவிட்டார்.

அடுத்தது செல்போனில் குறும்படம். மதினி நடிக்க, காரியாபட்டியிலிருந்து ஒரு காலேஜ் பிள்ளை வந்து குரல் கொடுத்தது. ராஜா நான். "பஞ்சத்துல அடிபட்ட மூஞ்சி தம்பிக்கு இயற்கையாவே அமைஞ்சிருக்கு" என்று அண்ணன் விளக்கம் சொன்னார். நிஜக் கண்மாய் ஒன்றைத் தேடிப் போனோம். உள்ளே பூராவும் கருவேலங்காடு. "விழுங்க தம்பி" என்றார். விழுந்தேன். என் நடிப்பில் உண்மையான அழுகை வந்த இடம் அது ஒன்றுதான். ரெண்டு நாள் ஆபீஸில் நின்றுகொண்டே ஃபைல் பார்த்தேன்.

மதினி அந்தப் படத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வாயி என்னுது. பேசுறது யாரோ" என்றார். அண்ணன் மறுபேச்சில்லாமல் படத்தை அழித்தார். என் முள்ளெல்லாம் வீண்.

ரெண்டு மாசம் சும்மா இருந்தார். பிறகு தெருத்தெருவாகப் போய்ப் பழைய எக்ஸ்ரே படங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார். வெட்டி, சாயம் தடவி, குச்சி கட்டினால் நிழல் பாவை. "பாவை பேச வேண்டாம் தம்பி. கை அசைஞ்சா போதும். பேசுறதுக்குத்தான் நீங்க இருக்கீகளே."

"அண்ணே, ராஜாவுக்கு விலா எலும்பு தெரியுது."

"பஞ்சத்துல வேற எப்படி இருப்பான்?"

ராணியை அவர் மதினியின் ஆபரேஷனுக்கு எடுத்த கழுத்து எக்ஸ்ரேயிலேயே வெட்டியிருந்தார். மதினி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இத அன்னைக்கே குப்பையில போடச் சொன்னேன்ல?"

"போட மனசு வரல."

மதினி குச்சியைப் பிடித்து ராணியின் கையை ஒரு தடவை அசைத்தார். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து எனக்குத்தான் கஷ்டகாலம். ராணி வசனத்தை நான் தப்பாக இழுத்தால் அதே குச்சியால் முழங்காலில் அடி விழும்.

திருச்சுழிப் பக்கம் ஒரு கோயில் பொட்டலில் பொழுது சாய்ந்ததும் ஆட்டம் ஆரம்பித்தது. மதினி ஆட்டினார், நான் எல்லாருக்கும் பேசினேன், அண்ணன் கூட்டத்துக்குப் பின்னால் மைக்செட்டோடு நின்றார். கடைசிக் காட்சி. ராஜா விழுந்து தண்ணீர் கேட்டுவிட்டான். ராணி பேச வேண்டும். நான் வாயைத் திறந்தேன். மதினி என் கையிலிருந்த மைக்கை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

அண்ணனுக்குத் திரைமேல் நிழல்தான் தெரியும். ஆனால் என் குரல் நின்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. பாலவனத்தத்தில் மாதிரி சத்தத்தைக் கூட்டுவார் என்று பயந்தேன். அவர் ஒரேயடியாக மைக்கை அணைத்துவிட்டார். என்ன ஆச்சோ என்று கூட்டமும் வாயை மூடிக்கொண்டது.

மதினி சொன்னார். முன்னால் தரையில் இருந்த நாலு பேருக்குக் கேட்டது. அதில் ஒரு பெரியவர் பின்னால் திரும்பி, "குடிங்க மகாராசாங்குது" என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர் அவருக்குப் பின்னால் இருந்தவரிடம் சொன்னார். "இது உங்க கம்மாய்தான்னு சொல்லுது." "தண்ணி குடுத்துருச்சுப்பா." வரிசை வரிசையாக அது பின்னால் போய்க்கொண்டே இருந்தது. நான் திரை ஓரமாக எட்டிப் பார்த்தேன். கடலை விற்கிற அம்மா அண்ணனிடம் திரும்பி, "ஏய்யா, ராணி பேசிருச்சுய்யா" என்று சொல்வது வரைக்கும் கேட்டது.

"கேட்டுச்சு தாயி" என்றார் அண்ணன். அந்தத் தூரத்துக்கு அவருக்குக் கேட்டிருக்க வழியே இல்லை.

திரைக்குப் பின்னால் விளக்கை அணைப்பது என் வேலை. கதை முடிந்துவிட்டது, திரையில் ராஜா இன்னும் குடித்துக்கொண்டிருந்தான். அணைக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டுமே.