சால்வைக்குள் தலைவர் பிடித்த மூன்று விரல்

ஆரியசாலை, திருவனந்தபுரம்.
வெள்ளிக்கிழமை, ராகுகாலம் கழிந்தபின்.

பெருமதிப்பிற்குரிய லிங்கம் அத்தான் அவர்களுக்கும் செண்பகவல்லி அக்காவுக்கும் மைத்துனன் பகவதிப்பெருமாள் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டில் கலைச்செல்வியும் சுகம். என் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது. வத்தல் கடை ஏதோ ஓடுகிறது. அங்கே அக்காவின் முழங்கால் வலியும் விருதுநகர் வெயிலும் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் போனைக் காதில் வைத்தால் பக்கத்துக் கடை வெங்கிடேஷின் காது இந்தப் பக்கம் நீளுகிறது. ஆகவே கடிதம். படித்து முடித்ததும் அக்காவிடம் கொடுக்காமல் கிழித்துவிடவும்.

விஷயம் நம் அகில இந்திய மசாலா மொத்த வியாபாரிகள் பேரவையின் தேசியத் தலைவரைப் பற்றியது. விருதுநகர் கிளையில் முப்பது வருஷம் இருந்த உங்களுக்கு அவருடைய புதுமைகளை நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலி இருந்தால் கூட்டம் நீளுகிறது என்று எல்லாக் கிளையிலும் நாற்காலியை எடுக்கச் சொன்னாரே, அந்த மகான்தான். இங்கே எங்கள் உறுப்பினர்கள் எல்லாருக்கும் அறுபது தாண்டிவிட்டதால், நின்று தீர்மானம் போட்டுவிட்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து அதை ரத்து செய்கிறோம். அடுத்த புதுமை, கிளை நிர்வாகிகள் எல்லாரும் தேதி போடாத ராஜினாமாக் கடிதம் ஒன்றை முன்கூட்டியே எழுதி நாக்பூர் தலைமை ஆபீஸுக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்பது. வேண்டும்போது அவர் தேதியை மட்டும் போட்டுக்கொள்வாராம். கிளைச் செயலாளர் என்ற முறையில் நானும் அனுப்பினேன். அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை.

இப்படி இருக்கையில், போன மாதம் நாக்பூரிலிருந்து ஒரு கடிதம். தலைவர் எங்கள் கிளைக்கு நேரில் வருகிறார், தம் காலத்தின் நினைவு என்றென்றும் நிலைக்கும்படி ஒரு கல்வெட்டைத் திறந்து வைக்கிறார், அவருடைய புதுமைத் தலைமையைப் பற்றி விழா மலருக்கு நான் எட்டுப் பக்கம் எழுத வேண்டும் என்று. எனக்கு அப்போதே சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷமாக நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்று கேட்காதவர்களுக்கு இப்போது என் கட்டுரை எதற்கு? ஆட்டுக்கு மாலை விழும்போது ஆடு கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? சங்க ஆபீஸில் டைப் அடிக்கும் ரெம்யாவிடம் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, தன் மலையாளத் தமிழில், “சாரே, அவரு பத்மநாபசாமியைத் தொழ வர்றாரு. வர்ற வழியில இங்க ஒண்ணு எட்டிப் பாக்குறாரு, அத்ரதான். வெறுதே டென்ஷன் ஆகாதீங்க கேட்டோ” என்றாள். சாமி கும்பிட வருகிறவர் கல்லைத் தூக்கிக்கொண்டு வருவாரா அத்தான்?

எட்டுப் பக்கமும் எழுதினேன். நாற்காலியை எடுத்ததால் வியாபாரிகளின் கால்கள் உறுதிப்பட்டன என்றுகூட எழுதினேன். என் கை கூசவில்லை. கூசியிருக்க வேண்டும்.

புதன்கிழமை விழா. சாலைக் கடைத்தெருவில் வாங்கின புதுச் சால்வை, மேடையிலேயே கவரைப் பிரித்து, உதறி, தலைவருக்குப் போர்த்தினேன். எல்லாரும் கை தட்டுகிறார்கள். அந்த நேரத்தில்தான், அத்தான், தலைவர் என் வலது கையைச் சால்வைக்குள் இழுத்தார். இழுத்து, என் விரல்களில் மூன்றை மட்டும் பிடித்து, இரண்டு தடவை அழுத்தினார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நம் மண்டியில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரல் பிடித்து விலை பேசுவோமே, அதே பிடி. மூன்று! எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் பழக்கதோஷம் பாருங்கள், நாற்பது வருஷமாக மூன்று என்றால் நான்கு என்று சொல்லியே வளர்ந்த கை. என்னைக் கேட்காமலே அது அவர் விரல்களில் நான்கைச் சேர்த்துப் பிடித்து அமுக்கிவிட்டது. அவர் “ஹா!” என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. விலை கட்டவில்லை போலும் என்று நினைத்தேன். உடனே, “அச்சா, அச்சா” என்று தலையை ஆட்டிக்கொண்டு கையை உருவிக்கொண்டார். வியாபாரம் படிந்துவிட்டது. நான் எதை விற்றேன் என்றுதான் தெரியவில்லை.

இதோடு விட்டதா? அடுத்ததாக மேடை ஏறினான் அதே பக்கத்துக் கடை வெங்கிடேஷ், எங்கள் துணைச் செயலாளர். அவன் கையைத் தலைவர் சால்வைக்கு வெளியே, ஊர் பார்க்க, ஐந்து விரலும் சேரப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு மூடி மறைத்து மூன்று, அவனுக்குத் திறந்து ஐந்து! ஏலத்தில் யாருக்கு முடியும் என்று உங்களுக்கா சொல்லித் தர வேண்டும்? அவனோ கீழே இறங்கி வந்து, “அண்ணாச்சி, தலைவரு அடிபொளி மனுஷன்!” என்கிறான். அவன் ஏன் சொல்ல மாட்டான்.

பிறகு திரையை விலக்கினார்கள். கறுப்புக் கல். தலைவர் பெயர் தங்க எழுத்தில், தெருமுனையிலிருந்து கண்ணாடி போடாமல் படிக்கலாம். அதற்குக் கீழே ‘கிளைச் செயலாளர்’ என்று இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வழவழவென்று வெறும் கல். கூட்டம் கை தட்டியது, நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் கவனிப்பார்களே.

உங்களிடம் சொல்வதற்கு என்ன, எனக்கு மனசு விட்டுப்போயிற்று. கடைப் போர்டில் அப்பா பெயர். வீட்டு கேட்டில் ‘நாய் ஜாக்கிரதை’, அந்த நாய் செத்தே நாலு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் என் பெயர் எழுதின சுவர் ஒன்று கிடையாது. ஒரு கல்லில் ஒரு வரி பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டு நாளாக இதே யோசனை. மூன்று என்றால் மூன்றாம் தேதி. வருகிற மூன்றாம் தேதியைப் போட்டு என் ராஜினாமாவை ஏற்கப் போகிறார், காலி இடத்தில் வெங்கிடேஷ் பெயரை வெட்டப் போகிறார்கள். நான் நான்கைப் பிடித்ததால் ஒருவேளை நாலாம் தேதி வரை விட்டுவைக்கலாம். கழுத்தைப் பிடித்துத் தள்ளுமுன் நாமாக எழுந்து போவதுதான் மரியாதை என்று முடிவு செய்து, இன்று காலை தேதியோடு ஒரு ராஜினாமா எழுதி, அதில் எட்டுப் பக்கக் கட்டுரையையும் வரிவரியாக வாபஸ் வாங்கி, நாற்காலி விஷயத்தில் என் உண்மையான அபிப்பிராயத்தையும் சேர்த்து, கூரியரில் அனுப்பச் சொல்லி ரெம்யாவிடம் கொடுத்துவிட்டேன். அத்தான், தலைவரை இரண்டு தடவை நேரில் பார்த்தவர் நீங்கள். உங்களுக்கு எத்தனை விரல் பிடித்தார் என்பதை மறைக்காமல் எழுதவும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டில் எல்லாரும் பத்து விரலும் பத்திரமாக நீடூழி வாழ பத்மநாபசாமி துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
இந்த நிமிஷம் வரை செயலாளர்,
பகவதிப்பெருமாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ரெம்யா வந்தாள். நாக்பூரிலிருந்து தலைவரின் காரியதரிசி போன் செய்தாராம். புதுச் சால்வையின் மடிப்பில் குண்டூசி இருந்திருக்கிறது. அது விலாவில் குத்த, சபையில் சொல்லக் கூச்சப்பட்டு, அதை எடுக்கச் சொல்லித்தான் தலைவர் என் விரலைப் பிடித்து இழுத்திருக்கிறார். நான் நான்கு விரல் பிடித்து விலாவோடு சேர்த்து அமுக்கியதில் அது முழுசாக உள்ளே இறங்கியதாம். இருந்தும் மனுஷன் கோபப்படவில்லை. கட்டுரை பிரமாதமாம். கல்லெல்லாம் எல்லாக் கிளைக்கும் மொத்தமாக வெட்டியதாம், செயலாளர் பெயரை அந்தந்த ஊரில் வெட்டிக்கொள்ள வேண்டுமாம். அதுவும் ஒரு புதுமை. என் தலையில் இடி விழுந்தது. “ஐயோ, அந்தக் கூரியர்?” என்றேன். “அது என்டெ டிராயர்லதான் இருக்கு சாரே. சாயங்காலம் மனசு மாறுவீங்கன்னு எனக்கு அறியாம், தெரிஞ்சுதான் அனுப்பாம வச்சேன்” என்றாள். ஆகவே மேலே எழுதியது எதையும் நான் எழுதவில்லை. தலைவர் தங்கமான மனிதர். வெங்கிடேஷும் நல்ல பிள்ளைதான்.

இப்போதுதான் போய் அந்தக் காலி இடத்தைக் கையை வைத்து அளந்து பார்த்துவிட்டு வருகிறேன். உயரம் சரியாக மூன்று விரக்கடை. நான் நான்கு என்றுதானே பேசி முடித்தேன், அத்தான்?