சொன்ன பேச்சு கேட்காத வலது கால்

அன்புள்ள மச்சினனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும் நலம்; தனித்தனியாக நலம். உன் வீட்டில் எல்லோரும் சேர்ந்தே நலமாக இருக்க வேண்டுகிறேன்.

"பஸ் ஓட்டுனது போதும் அத்தான், சும்மா உட்கார்ந்தா உடம்பு கெட்டுடும், இதைக் கத்துக்குங்க" என்று நான் ரிட்டயரான அன்றைக்கு உன் பெடல் ஸ்டீல் கிட்டாரை என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, அதைத் திரும்ப எடுத்துக்கொள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கிட்டார் என்றால் மடியில் வைத்து வாசிப்பது என்று நினைத்திருந்தேன். இது மேஜை மாதிரி நாலு காலில் நிற்கிறது, அடியில் வரிசையாக மூன்று பெடல். கையால் வாசிப்பது பாதிதானாம், மீதி காலால். இடது கால் மிதித்தால் சுருதி ஏறும், வலது கால் தனியாக ஒரு பெடலில் இருக்கும், அதை அழுத்தினால் சத்தம் கூடும். கேட்க நல்லாத்தான் இருக்கு. "குதிகாலைத் தரையில வச்சுக்குங்க சார், கணுக்காலை மட்டும் சாய்ங்க, மெதுவா விடுங்க" என்று வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் வாத்தியார் தினமும் கெஞ்சுகிறார். முப்பத்திரண்டு வருஷம் கிளட்ச் மிதித்த காலுக்குச் சாய்வதாவது ஒன்றாவது! ஒரே மிதி, தரை வரைக்கும். மூன்று பெடலும் சேர்ந்து இறங்குகிறது. வாத்தியார் கண்ணை மூடிக்கொள்கிறார், ரசித்து இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. வலது கால்தான் என் மானத்தை வாங்குகிறது. தப்பு விழுந்ததும் பதறிப்போய்ப் பிரேக் போடுகிறேன். பஸ்ஸாக இருந்தால் நின்றிருக்கும். இங்கே சத்தம் கூடுகிறது. சரியாக வாசிப்பது எனக்கே கேட்பதில்லை, தப்பு மட்டும் தெருமுனை வரை போகிறது. "வீட்ல ஏதாவது இடிக்கிறீங்களா சார்?" என்று எதிர்வீட்டுக்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

பதினோரு நாள் முன்னால் அப்படி ஒரு பிரேக் போட்டபோது, உன் அக்கா அடுப்பிலிருந்து பாலை இறக்கிக்கொண்டிருந்தாள். அத்தனையும் தரையில். நல்லவேளை, கையில் படவில்லை. "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?" என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இதோட கஷ்டம் உனக்கென்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து பேச்சில்லை. சாப்பாடு ஆயிற்று என்பதைச் சுவர்க் கடிகாரத்திடம் சொல்கிறாள். நானும் கடிகாரத்துக்கே பதில் சொல்லிவிட்டு உட்காருகிறேன். இத்தனை வருஷம் அவளைத் தனியாக விட்டுவிட்டு ரோட்டிலேயே கிடந்தேன், இப்போது வீட்டோடு இருந்தும் பேச ஆளில்லை. எனக்குச் சங்கீதம் வேண்டாமப்பா, அவள் பேசினால் போதும். ஞாயிற்றுக்கிழமை வேனோடு வந்துவிடு. அலுத்துப்போச்சு.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் காலுக்கு வேலையில்லாத வாத்தியமாகப் பார்த்துக் கற்று, சீரும் சிறப்புமாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
தேய்ந்துபோன உன் அத்தான்

பின்குறிப்பு: வேன் வேண்டாம். நான் இந்தக் கடிதத்தைப் போட உறையைத் தேடி எடுத்து வருவதற்குள் உன் அக்கா கிட்டாருக்கு முன்னால் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறாள். உடைக்கப் போகிறாளோ என்று பயந்துவிட்டேன். கம்பியை மீட்டிவிட்டுப் பெடலில் காலை வைத்தாள். குதிகால் தரையில், கணுக்கால் மட்டும் பூப்போலச் சாய்கிறது. காலமெல்லாம் தையல் மிஷின் மிதித்தவள் அல்லவா, இந்த மரமண்டைக்குத்தான் தோன்றவில்லை. சுரம் வழுக்கிக்கொண்டு மேலே போய் நின்றது. கிட்டப் போனேன். பதினோரு நாள் கழித்து என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்: "தள்ளி நில்லுங்க. நாளையிலேருந்து வாத்தியார்கிட்ட நான்தான் உட்காரப்போறேன்."