நிலக்கரிக்குக் கொஞ்சம் இடம்

நம் நன்மைக்காகவே கடல் தாண்டி வருகிறவர் என்று ஓர் இனம் உண்டு. பசிபிக் கடலில் இருக்கும் எங்கள் துத்துயிலா தீவில் அவர் பெயர் கேப்டன் கிரேன், அமெரிக்கர். உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கலாம். வருவார், தொப்பியைக் கழற்றுவார், முழங்கால் வலிக்க வலிக்கப் பாயில் சம்மணமிடுவார், சேற்றுத் தண்ணீர்போல் இருக்கும் எங்கள் கவாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு "அருமை!" என்பார், குழந்தைகளின் பெயரைக் கேட்பார். எழுந்து மட்டும் போக மாட்டார்.

எதையும் கேட்கவும் மாட்டார். கேட்டால் அல்லவா மறுக்கலாம்? விருந்தாளி ஒரு பொருளைப் புகழ்ந்தால் அதைக் கொடுத்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். இது அவருக்கு இரண்டே நாளில் புரிந்துவிட்டது. பாயைப் புகழ்ந்தார்; பாய் போயிற்று. பன்றியைப் புகழ்ந்தார், அது கத்திக்கொண்டே போயிற்று.

மூன்றாம் வாரம் கரையில் நின்று கடலைப் பார்த்தார். பவழப்பாறைகளைத் தாண்டி எங்கள் ஓடங்கள் வெளியேற அந்த ஒரு துறைதான் உண்டு. அது போனால் மீன் இல்லை.

"என்ன அழகான கரை, துவாலா!" என்றார் எங்கள் தலைவரிடம். "சீனாவுக்குப் போற எங்க நீராவிக் கப்பலுக்கு இங்க கரி கொட்டி வெச்சா உங்களுக்கும் வியாபாரம் பெருகும்."

துவாலா தலையாட்டப் போனார். அதற்குள் அவருடைய அக்கா ஃபுவாதினோ எழுந்துவிட்டாள். தலைவரே ஆனாலும் அக்கா பேச்சைத் தட்டக் கூடாது எங்கள் ஊரில்.

"நீ சும்மா இருடா தம்பி. கேப்டன் அய்யா, உங்க கப்பல் இதைவிட அழகு! அந்தப் புகைக்குழாய் இருக்கே, அடடா! எப்ப இறக்கித் தர்றீங்க?"

கூடியிருந்த ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"அம்மா, அது கம்பெனிக் கப்பல். குடுக்க நான் யாரு?"

"கரை மட்டும் என்ன, என் தம்பி பொண்டாட்டி கொண்டுவந்த சீரா? செத்தவங்களுக்கும் பொறக்கப்போறவங்களுக்கும் சேர்த்துச் சொந்தம். அத்தனை பேரையும் கூட்டிட்டு வாங்க, கேட்டுப் பார்க்கலாம்."

கேப்டன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். அடுத்த மாதம் பீரங்கிக் கப்பலைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதைப் புகழ யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் துறை முழுக்கக் கரி கொட்டினார்கள்.

என்ன செய்வது? வயிறு இருக்கிறதே. பக்கத்து ஊர்க் கரைக்குப் போனோம். இரண்டே இரண்டு ஓடத்துக்கு இடம், ஒரே ஒரு பருவத்துக்கு என்றோம். பாவம், கொடுத்தார்கள். இப்போது பதினெட்டு நிற்கின்றன. அந்த ஊர்க்காரர்களுக்கு ஓடத்தை வரிசையாக நிறுத்தத் தெரியாது; சொல்லிக்கொடுத்தோம். வலைகளைத் தள்ளிப்போய்க் காயப்போடச் சொன்னோம். சிலர் முணுமுணுக்கிறார்கள். நல்லதுக்குக் காலமில்லை.

நேற்று அவர்களில் ஒருவன் தன் ஓடத்தைத் தண்ணீரில் இறக்க வந்தான்.

"கொஞ்சம் பொறுத்துக்கப்பா. முதல்ல எங்க ஆளுங்க போகட்டும்" என்றாள் ஃபுவாதினோ.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தில் முன்பு யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று மட்டும் யாரிடமும் விசாரித்துவிடாதீர்கள்.